ஹெக்டேருக்கு 8,500 ரூபாய்: கர்நாடகாவின் பயிர் நிவாரணம் எப்படி வேலை செய்கிறது?

பெங்களூரில் வேலை, கோலார் பக்கமோ ராமநகர் பக்கமோ கொஞ்சம் மானாவாரி நிலம். இப்படி இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. விவேக் நகரில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு காட்டுவேன். வறட்சி, வெள்ளம் என்று வந்தால் அரசு விவசாயி கணக்கில் போடும் பணத்தைப் பற்றி இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எங்க வருது" என்பார்கள். இல்லையென்றால் "ஏதோ வந்துச்சு, எதுக்குன்னு தெரியல" என்பார்கள். மிக்ஸிக்கும் மெத்தைக்கும் ஆயிரம் ரிவ்யூ கிடைக்கிறது, இதற்குத் தமிழில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நான் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பணம் எங்கே கிளம்பி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். அந்தக் கண்ணோடு எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை அனுப்புகிற வேலையை இந்த ஏற்பாடு நன்றாகவே செய்கிறது. யாருக்கு அனுப்புவது என்பதில்தான் கோட்டை விடுகிறது.

நிலம் என் மாமியார் பேரில் இருக்கிறது. கோலார் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் இருபது குண்டா. நாற்பது குண்டா ஒரு ஏக்கர் என்பதால் இரண்டரை ஏக்கர், ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். போர்வெல் கிடையாது, வானம் பார்த்த ராகி. மாமனார் இருந்தவரை அவரே சனி ஞாயிறு போய்ப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, செய்கிறார். விதை, உரம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி, ராகியும் பாதிப் பாதி. உழவு, களை, அறுப்பு எல்லாம் அவர் பாடு. தாள் முழுக்க அவருடைய மாடுகளுக்கு. ஒரு துண்டுக் காகிதம் எழுதியதில்லை. அவரை நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம், அவர் என்னை அக்கா என்பார். வயதில் அவர்தான் மூத்தவர். ஊர் வழக்கம் அது.

2023 ஆகஸ்ட்டில் மழை ஏமாற்றியதை எல்லோரும் மறந்திருப்போம், நகரத்தில் அது வெறும் புழுக்கம்தானே. 1901-லிருந்து எடுத்த கணக்கில் நாடு முழுவதற்கும் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வந்ததில்லை. ஜூலையில் விதைத்த ராகிக்கு அதுதான் தூர் கட்டுகிற நேரம். அறுப்புக்கு முன்னால் போய்ப் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் நிற்கிறது, கதிரும் இருக்கிறது. அண்ணா ஒரு கதிரைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். கசக்கி ஊதினால் கையில் ஐந்தாறு மணி மிஞ்சியது, மற்றதெல்லாம் பதர், பறந்துவிட்டது. "அறுக்கிற கூலிக்கே ஆகாதுக்கா, தாளுக்காக அறுக்கணும்" என்றார்.

இனி சேவையைப் பார்ப்போம். கர்நாடகா அந்த வருஷம் செப்டம்பரில் 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. பிறகு கூட்டிக் கூட்டி, மொத்தம் 236 தாலுகாவில் 223 என்று வந்து நின்றது. அறிவித்தாலே பணம் வந்துவிடாது. மத்திய அரசின் வறட்சிக் கையேடு ஒன்று இருக்கிறது, 2016-ல் வந்தது. மழைக் குறைவு, தொடர்ந்து மழையில்லாத வாரங்கள், செயற்கைக்கோளில் தெரியும் பச்சை, மண்ணின் ஈரம் என்று பல படி தாண்ட வேண்டும். கடைசியில் தாலுகாவில் பத்தில் ஒரு பங்கு கிராமங்களுக்கு நேரில் போய்ப் பயிரைப் பார்க்க வேண்டும். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால்தான் நிவாரணம்.

தொகை மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி. அதில் 75 பங்கு மத்திய அரசு, 25 பங்கு மாநிலம். 2022-ல் திருத்திய விகிதம் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசன நிலத்துக்கு 17,000, மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. எவ்வளவு நிலம் இருந்தாலும் இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். அதற்கு முன்னால் இது 6,800, 13,500, 18,000 என்று இருந்தது.

எங்கள் இரண்டரை ஏக்கருக்கு ஏறக்குறைய 8,600 ரூபாய். அந்த வருஷம் ராகிக்கு அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 3,846. ஆக வந்தது இரண்டேகால் குவிண்டால் ராகியின் விலை. நல்ல வருஷத்தில் அந்த நிலம் கொடுப்பது ஏக்கருக்கு ஏழெட்டு குவிண்டால். இதைச் சொல்லி அரசைத் திட்டலாம், ஊரில் திட்டவும் செய்கிறார்கள். ஆனால் இந்தத் தொகை போன பயிருக்கான ஈடு இல்லை. அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்க உதவி என்றுதான் விதியே சொல்கிறது. போன பயிருக்கு ஈடு வேண்டுமானால் அதற்குப் பயிர்க் காப்பீடு தனியாக இருக்கிறது, முங்காரு (காரிஃப்) பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். நாங்கள் கட்டியிருக்கவில்லை, அதனால் அதற்கு ரிவ்யூ எழுத எனக்குத் தகுதியில்லை.

அடுத்த விதைப்புக்கு உதவி என்றால் விதைப்புக்கு முன்னால் வர வேண்டும் இல்லையா? 2024 ஜனவரியில் முதல் தவணை வந்தது, ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய், மாநில அரசு தன் கையிலிருந்து போட்டது. மீதி நின்றுவிட்டது. மாநிலம் கேட்டது 18,171 கோடி. தில்லியிலிருந்து பதில் வரவில்லை என்று மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். ஏப்ரல் கடைசியில் 3,454 கோடி விடுவிக்கப்பட்டது. மே மாதம் எங்கள் மீதித் தொகை வந்தது. தேர்தல் சமயம் வேறு, யாரால் வந்தது என்று இரண்டு பக்கமும் மைக் வைத்துச் சண்டை. அண்ணாவுக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. மே மாதம் வந்தது நல்லதாய்ப் போயிற்று, ஜூனில் டிராக்டருக்குக் கொடுக்கலாம் என்றார். ஆக தாமதமானாலும் அடுத்த விதைப்புக்கு முன்னால் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து மே வரை அவர் மாட்டுத் தீவனத்துக்கு என்ன செய்தார் என்பது வேறு கதை. ஒரு கறவை மாட்டை விற்றார்.

தொகை வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 டிசம்பரில் அப்போதைய முதல்வர் பொம்மை மாநிலப் பங்கைச் சேர்த்து மானாவாரிக்கு 13,600 ஆக்கினார். 2025-ல் பீமா, கிருஷ்ணா ஆற்று வெள்ளம் வடக்கே கலபுரகிப் பக்கம் பயிரை மூழ்கடித்தபோது சித்தராமையா ஹெக்டேருக்கு 8,500 கூடுதலாக அறிவித்தார். மானாவாரிக்கு 17,000, பாசனத்துக்கு 25,500, பல்லாண்டுப் பயிருக்கு 31,000. நடுவில் எங்கள் 2023-க்கு அடித்தட்டு விகிதம் மட்டும்தான். அதே காய்ந்த ராகிதான், எந்த வருஷம் காய்ந்தது என்பதைப் பொறுத்து விலை.

எனக்கு நிஜமாகவே பிடித்தது, விண்ணப்பம் என்று ஒன்று இல்லாதது. யாரிடமும் போய் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி நிற்க வேண்டியதில்லை. ஊர்ப் பையன்களில் ஒருவரை அரசே பயிர் சமீட்சைக்கு, அதாவது பயிர்க் கணக்கெடுப்புக்கு, வைத்திருக்கிறது. அவர் போனோடு ஒவ்வொரு சர்வே நம்பருக்குள்ளும் போய் நின்று படம் எடுக்கிறார். ஆப் ஜி.பி.எஸ். பார்க்கிறது. ராகி என்று அங்கே பதிவானால் அதுதான் பஹணி என்கிற நில, பயிர்ப் பதிவேட்டில் ஏறும், நிவாரணக் கணக்கும் அதிலிருந்துதான். ஃப்ரூட்ஸ் என்று ஒரு பதிவேட்டில் விவசாயியின் ஆதாரும் நிலமும் கோக்கப்பட்டு ஒரு எஃப்.ஐ.டி. எண் இருக்கும். சேதப் பட்டியல் தயாரானதும் அந்த எண்ணைப் பிடித்துப் பணம் நேராக வங்கிக்குப் போகிறது. வந்ததா, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்பதைப் பரிஹாரா என்கிற மாநில அரசின் நிவாரணத் தளத்தில் ஆதார் எண்ணையோ எஃப்.ஐ.டி.யையோ போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். என் மாமனார் காலத்தில் நிவாரணம் என்றால் தாலுகா ஆபீஸ், அங்கே ஒரு புரோக்கர், அவருக்கு ஒரு காபி, பிறகு ஒரு கவர். அந்த நாற்காலியே இப்போது இல்லை. இதற்கு முழு மதிப்பெண்.

தளம் கன்னடத்தில் இருக்கிறது. என் மாமியார் கன்னடத்தில் சண்டையே போடுவார், படிக்க வராது. இரண்டாம் மொழியாகக் கன்னடம் படித்த என் மகள்தான் உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். வருஷம், பருவம், என்ன பேரிடர் என்று மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முங்காருக்குப் பதில் ஹிங்காரு (ரபி) என்று கொடுத்தால் ஒன்றுமே இல்லை என்று காட்டும். உடனே அரசு ஏமாற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெங்களூரில் பிள்ளைகள் உதவிக்கு இல்லாதவர்கள் ஊரில் இருக்கும் 'கிராம ஒன்' என்கிற அரசுச் சேவை மையத்தில் கேட்கலாம், கேட்ட உடனே பார்த்துச் சொல்கிறார்கள்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது வங்கியில். அது அரசின் தவறும் இல்லை, முழுக்க வங்கியின் தவறும் இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். பணம் போய்விட்டது என்று தளம் சொல்கிறது, பாஸ்புக்கில் வரவில்லை. கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறோமே என்று போய்க் கேட்டால் கவுண்டரில் இருந்த பெண், "லிங்க் ஆகியிருக்கு மேடம், வெயிட் பண்ணுங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். விஷயம் வேறு. ஆதாரைக் கணக்கில் இணைப்பது ஒன்று, அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று, வங்கிகளுக்கு இடையே பணம் போக வழி செய்யும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் பதிவாவது இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான், கடைசியாக எதைப் பதிந்தோமோ அது. மாமியாருக்கு எப்போதோ கேஸ் மானியத்துக்காக வேறு ஒரு கிளையில் திறந்த கணக்கு அங்கே உட்கார்ந்திருந்தது. பணம் அதில் பத்திரமாக இருந்தது, நாங்கள்தான் அந்தப் பாஸ்புக்கை மூன்றாவது பீரோவில் தேட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் தளத்திலேயே வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்க்கலாம். ஓ.டி.பி. வர மொபைல் நம்பர் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தமும் கவனம். பஹணியில் பெண்கள் பேர் "இன்னார் கோம் இன்னார்" என்று கணவர் பேரோடு இருக்கும். ஆதாரில் தமிழ் வழக்கப்படி முன்னால் ஒரு இனிஷியல். எங்களுக்கு இது இடறவில்லை, தெரிந்தவர் ஒருவருக்கு இடறியது. அதோடு ஃப்ரூட்ஸில் உங்கள் எல்லா சர்வே நம்பரும் ஏறியிருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள். மூன்று துண்டு நிலத்தில் ஒன்று விட்டுப்போனால் அந்த ஒன்றுக்குப் பணம் வராது. பயிர்ப் பதிவு தவறாக இருந்தால் 'பெளே தர்ஷக்' ஆப்பில் ஆட்சேபம் போடலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. ஊரில் ஒருவருடைய ராகி நிலம் பழைய கணக்கின்படி நீலகிரித் தைலமரம் என்றே இருந்தது. மரத்தை வேரோடு பிடுங்கிப் பல வருஷம். மரத்துக்கு என்ன வறட்சி நிவாரணம்!

இன்னொன்று. பயிர்க்கடன் இருந்தால் சில வங்கிகள் வந்த நிவாரணத்தைக் கடனில் கழித்துக்கொள்ளப் பார்த்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று 2024-ல் மாநில அரசே உத்தரவு போட்டது. கழித்திருந்தால் அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். பணம் வந்தது யாருக்கு? விவேக் நகரில் மூன்றாவது மாடியில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியாருக்கு. அவருக்கு என்ன நஷ்டம்? பாதி விதை, பாதி உரம், வீட்டுக்கு வரவேண்டிய சில மூட்டை ராகி. உழுது, களையெடுத்து, காய்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்று, மாட்டை விற்றவர் பேர் இந்த ஏற்பாட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லை. போட்டோ எடுத்த பையனுக்கு அந்த நிலத்தை யார் உழுகிறார் என்று தெரியும், ஊருக்கே தெரியும். ஆப்பில் அதை எழுத இடமில்லை.

ஏன் இல்லை என்றால், கர்நாடகாவில் சட்டப்படி வாரமே கிடையாது. 1961-ன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை முதல்வர் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் திருத்தி, 1974 மார்ச் 1 முதல் குத்தகை நிலமெல்லாம் அரசுக்குப் போய், உழுதவர்களுக்குப் பட்டாவாக வந்தது. ஃபாரம் 7 என்ற குத்தகைதாரர் விண்ணப்பம் போட்டு நிலம் வாங்கிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அதோடு இனிமேல் நிலத்தைக் குத்தகைக்கு விடவே கூடாது என்றும் ஆயிற்று, ராணுவத்தில் இருப்பவர், கடலோடி என்று சிலருக்குத்தான் விலக்கு. நல்ல சட்டம், அன்றைக்கு. இன்றைக்கு உழுகிறவர்களுக்கு அதன் பலன், காகிதத்தில் அவர்கள் இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் பக்கம் என் சித்தப்பா குத்தகைக்குச் செய்கிறார். அங்கே குத்தகைதாரர் பேரைப் பதிய 1969-ல் ஒரு சட்டமே வந்தது, வி.ஏ.ஓ. கொடுக்கும் அடங்கலிலும் சாகுபடி செய்கிறவர் பேர் ஏற வழி உண்டு. அங்கேயும் வாய்ச்சொல் குத்தகைதான் அதிகம், எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டில் 2,000 வந்தபோதே விவாதம் ஆரம்பித்துவிட்டது. என் கணவர், பாதி கொடுத்தால் நியாயம், ராகியும் பாதிதானே என்றார். அத்தை கேட்கவே இல்லை. "தண்ணி இல்லாத நிலத்துல அவன் நின்னான், நான் ஃபேன் போட்டு உக்காந்திருந்தேன். முழுசா குடுத்துடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பி சீரியலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கொடுத்துவிட்டோம், மே மாதத்துத் தொகையையும். இது எங்கள் வீட்டுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதே ஊரில் நிலம் வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "பஹணி என் பேர்ல, பணம் என் அக்கவுண்ட்ல" என்று வைத்துக்கொண்டார். அவரைத் தட்டிக் கேட்க எந்த ஆபீஸிலும் ஒரு ஜன்னல் கிடையாது. நிவாரணம் உழுதவர் கைக்குப் போவது மாமியார்களின் மனசைப் பொறுத்தது என்றால் அதற்கு எத்தனை ஸ்டார் போடுவது? அனுப்புகிற வேலைக்கு ஐந்துக்கு நாலு போடுவேன், தாமதத்துக்காக ஒன்றைக் குறைத்து. சேர வேண்டியவரிடம் சேர்ப்பதற்கு ஒன்று, அதுவும் அந்தப் போட்டோ பையனுக்காக.

நிலச் சட்டத்தை யாரும் நாளைக்கே மாற்றப்போவதில்லை. பயிர் சமீட்சை ஆப்பில் சாகுபடி செய்கிறவர் என்று ஒரு கட்டம் வைத்து, நில உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதினாலே போதும் என்று எனக்குத் தோன்றியது. போன தடவை ஊருக்குப் போனபோது இதை அண்ணாவிடமே சொன்னேன். அப்படி ஒன்று வந்தால் உங்கள் பேரைப் போடச் சொல்கிறேன் என்றேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம்க்கா. என் பேர் ஒரு காகிதத்துல ஏறிச்சுன்னு வைங்க, உங்க வீட்டுக்காரங்க யாராவது ஒருத்தர், இவன் நாளைக்கு நிலத்தக் கேப்பான்னு சொல்லுவாங்க. அப்புறம் நிலத்தத் தரிசா போடுவீங்க, இல்ல சைட்டு போட்டு வித்துடுவீங்க. எனக்கு எட்டாயிரம் வேண்டாம், நிலம் வேணும்."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில், அண்ணாவின் மகனுடைய போன்பே நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிச் சேமித்துக்கொண்டார். அத்தையின் கேஸ் கணக்கை இப்போது மொபைலில் பார்க்க முடிகிறது. அடுத்த முறை வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.